‘உப்பு குறைவு’ என்கிறது கருவி: மூட்டையைப் பிரிக்கலாமா?

உப்புநீர் நீச்சல் குளங்களின் குளோரினேட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் கருவி) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம். குளோரினேட்டர் பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ‘உப்பு குறைவு’ விளக்கு எரிந்தது. திரையில் 2,100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு உப்பு என்ற அளவு). 25 கிலோ மூட்டை இரண்டைக் கொட்டினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் 2,300தான். இன்னும் எத்தனை மூட்டை போடவேண்டும்?
– வாசகர், நீலாங்கரை

பதில்: இனி ஒரு மூட்டைகூட வேண்டாம். உங்கள் குளத்தில் இருப்பது 70,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் 1 பிபிஎம் ஏறும். அந்தக் கணக்குப்படி 50 கிலோவுக்கு 700க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 200. குளத்தில் கசிவு இல்லையென்றால், போட்ட உப்பு தண்ணீரில்தான் இருக்கிறது. கருவியின் கண்ணுக்குத்தான் அது படவில்லை.

பெரும்பாலான மாடல்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. குளோரின் உண்டாகும் பகுதியான செல்லுக்குள் இருக்கும் டைட்டானியம் தகடுகளுக்கு இடையே எத்தனை ஆம்பியர் கரண்ட் பாய்கிறது என்று பார்க்கின்றன. அதோடு தண்ணீரின் வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகின்றன. எந்தக் காரணத்தால் கரண்ட் குறைந்தாலும் ‘உப்பு குறைவு’ என்றுதான் அவற்றுக்குத் தோன்றும்.

அதனால் முதலில் தண்ணீரைத் தனியாகச் சோதியுங்கள். பம்ப்பை 24 மணி நேரம் ஓட்டிவிட்டு, தண்ணீர் திரும்பி வரும் குழாய்வாயிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் மாதிரி எடுங்கள். உப்புக்கான டெஸ்ட் ஸ்ட்ரிப் போதும். ஸ்ட்ரிப்பின் நுனியை மட்டும் தண்ணீரில் நிறுத்தினால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மேலேறும். உச்சியில் உள்ள மஞ்சள் பட்டை கருத்த பிறகுதான் அளவைப் படிக்கவேண்டும். அவசரப்பட்டால் குறைவாகக் காட்டும். அந்த எண்ணை அதே டப்பாவில் அச்சிட்ட அட்டவணையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். பழைய டப்பாவின் அட்டவணை புதிய ஸ்ட்ரிப்புக்குப் பொருந்தாது.

ஸ்ட்ரிப் 2,700க்கும் 3,400க்கும் நடுவே காட்டினால் பல மாடல்களுக்கு அது சரியான அளவு. (சில மாடல்கள் 4,000க்கு மேல் கேட்கும், உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள்.) தண்ணீர் சரியென்றால் குறை கருவிப் பக்கம்.

அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது தகட்டில் படியும் சுண்ணாம்பு. நம் போர்வெல் தண்ணீரில் கீசர் காயிலின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதே, அதேதான் இங்கும். கருவி வேலை செய்யும்போது எதிர்மின் தகட்டை ஒட்டிய தண்ணீரில் காரத்தன்மை மிகவும் ஏறுகிறது. கால்சியம் அங்கேதான் படிகிறது. பம்ப்பையும் குளோரினேட்டரின் மெயின் சுவிட்சையும் அணைத்து, வால்வுகளை மூடிவிட்டு, செல்லைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே ஒளி தாராளமாகத் தெரிந்தால் கழுவவே வேண்டாம்.

பொருக்கு இருந்தால் 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஒருபோதும் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் குளோரின் கேன் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். செல்லின் ஒரு முனையை அடைத்து நிமிர்த்தி வைத்து, ஒயர் நனையாமல் ஊற்றுங்கள். நுரை பொங்கும். பொங்கல் அடங்கியதும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊற்றியும் நுரை வராவிட்டால் உடனே கொட்டிவிடுங்கள், ஏனென்றால் அங்கே கரைய சுண்ணாம்பு இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவே கூடாது. தகட்டின் மேல் உள்ள ருத்தேனியம் ஆக்சைடு பூச்சுதான் குளோரினை உண்டாக்குகிறது. மாதம் தவறாமல் ஆசிட்டில் ஊறவைத்தே அந்தப் பூச்சைத் தேய்த்துவிடுபவர்கள் ஏராளம். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வீண் செலவு.

கழுவிய பிறகும் எண் ஏறவில்லையா? திரையில் வெப்பநிலையைப் பாருங்கள். தண்ணீர் 28 டிகிரியில் இருக்க, சென்சார் 38 என்று சொன்னால் கருவி கூடுதல் கரண்டை எதிர்பார்க்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் என்ற வேகத்தில் கடத்துதிறன் மாறுவதால், 3,000 இருந்தாலும் 2,500 என்று காட்டும். அப்படியானால் மாற்றவேண்டியது சென்சாரை.

செல்லின் கண்ணாடி மூடி வழியே காற்றுக் குமிழி தேங்கி நிற்பது தெரிந்தால், அந்தப் பகுதித் தகடு தண்ணீரில் முழுதாக நனையவில்லை என்று அர்த்தம். ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி), பம்ப் கூடையைச் சுத்தப்படுத்தி ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். செல்லிலிருந்து வரும் பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் அதன் பின்கள் பச்சை பூத்திருப்பது சாதாரணம்.

கடைசிச் சோதனை ஆம்பியர். பெரும்பாலான கருவிகள் சுண்ணாம்பு உதிர்வதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்துருவத்தை மாற்றும். இரண்டு திசையிலும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் 6, மறு திசையில் 3 என்று வந்தால் செல்லின் ஆயுள் முடிகிறது. மூன்று முதல் ஐந்து வருடம்தான் அதன் சராசரி ஆயுள். உங்களுடையதற்கு நான்கு ஆகிவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றச் சொல்வோரின் பேச்சைக் கேட்பதற்கு முன் இந்த ஒரு சோதனையை வற்புறுத்திச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உப்பு குறைவு என்று கருவி நின்றுவிட்டால் குளோரின் உற்பத்தியும் நின்றுவிடும். பழுது பார்க்கும் நாட்களில், தினமும் மாலையில் 10 சதவீத லிக்விட் குளோரின் சுமார் 1.4 லிட்டர் ஊற்றுங்கள். உங்கள் குளத்தில் அது 2 பிபிஎம் குளோரின் தரும்.

மூட்டை விஷயத்தில் நான் இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. கூடிவிட்ட உப்பை எடுக்கத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வழி. 4,200 ஆகிவிட்டதை 3,200க்கு இறக்க, உங்கள் குளத்திலிருந்து ஏறத்தாழ 17,000 லிட்டரைக் கொட்டி, நல்ல தண்ணீரை நிரப்பவேண்டும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லோடு!

கேள்வி: உப்பு செலவாகிறதா? வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வற்ற உப்பும் போகுமா?
– வாசகர், மதுரை

பதில்: போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. குளோரினாக மாறிய உப்பும் தன் வேலை முடிந்ததும் குளோரைடாகத் திரும்பிவிடுகிறது. உப்பு வெளியே போக வழி பேக்வாஷ், கசிவு, நீந்துபவர்கள் தெறிக்கும் தண்ணீர், மழையில் நிரம்பி வழிவது. மணிக்கு 15,000 லிட்டர் தள்ளும் பம்ப்பில் மூன்று நிமிட பேக்வாஷ் செய்தால் 750 லிட்டர் உப்புநீர் சாக்கடைக்குப் போகிறது. மழையும் வழிதலும் பேக்வாஷும் இல்லாமல் அளவு மாதாமாதம் இறங்கினால் கசிவைத் தேடுங்கள்.

கேள்வி: மே மாதம் குளத்தைத் திறந்தோம். தண்ணீர் 12 டிகிரி. கருவி ‘உப்பு குறைவு’ என்கிறது. இலையுதிர் காலத்தில் மூடும்போது 3,200 இருந்தது.
– வாசகர், மார்க்கம், கனடா

பதில்: உப்பு நிஜமாகவே குறைந்திருப்பது, கருவி தவறாகக் காட்டுவது என உங்களுக்கு இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம். மூடும்போது ஸ்கிம்மருக்கு (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் பக்கச்சுவர் வாய்) கீழே தண்ணீரை இறக்கியிருப்பீர்கள். அந்த இடத்தை உருகிய பனியும் குழாய்த் தண்ணீரும் நிரப்பியிருக்கும். அதில் உப்பு இல்லை. கூடவே, உப்பு கூடிய தண்ணீர் கனமானது. குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்த குளத்தில் உப்பு அடியில் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருக்கும். பம்ப்பை ஒரு நாள் முழுக்க ஓட்டிய பிறகே ஸ்ட்ரிப்பில் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கரண்ட் குறையும் என்பதால் கருவியின் எண்ணை இப்போது பொருட்படுத்த வேண்டாம். பல மாடல்கள் இந்த வெப்பநிலையில் உற்பத்தியையே நிறுத்திவைக்கும். தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டும்வரை லிக்விட் குளோரினில் சமாளியுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டேன், நிஜமாகவே 2,600தான். எங்கள் ஊர் உப்பளத்துக் கல்லுப்பு போடலாமா? குளம் 70,000 லிட்டர்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் களிமண்ணும் கூடவே வரும். அந்தக் கால்சியம்தான் பிறகு தகட்டில் பொருக்காகிறது. கழுவிச் சுத்திகரித்த, 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, அயோடின் சேர்க்காத உப்பை வாங்குங்கள். கட்டி சேராமல் இருக்க ரசாயனம் கலந்ததும் வேண்டாம். ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் தங்கினால் அந்த மூட்டை குளத்துக்கு ஆகாது.

3,200க்கு 600 குறைகிறது. 600 × 70 = 42,000 கிராம், அதாவது 42 கிலோ. ஒரே தடவையில் போடாமல் முதலில் 28 கிலோ. குளோரினேட்டரை அணைத்து, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஆழமான பக்கத்தில் சுற்றிலும் தூவுங்கள்; ஸ்கிம்மருக்குள் போடாதீர்கள். அடியில் குவிவதைப் பிரஷ்ஷால் தள்ளிக் கலைத்துவிடுங்கள். மறுநாள் ஸ்ட்ரிப்பில் பார்த்து மீதியைப் போடுங்கள். தரையில் ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியாத பிறகு குளோரினேட்டரைப் போடலாம்.