மருத்துவபீடத்துக்காக இரண்டாவது தடவையா: ஒரு தாயின் கேள்விக்கு எழுதிய விடை

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: மருத்துவபீட அனுமதிக்காக உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரமும், அதாவது இரண்டாவது தடவையும், எழுதவிடுவதா, அல்லது இப்போதைய பெறுபேற்றுக்குக் கிடைக்கக்கூடிய பாடநெறிக்கு விண்ணப்பிக்கச் சொல்வதா. மகள் அன்று அதிகம் பேசவில்லை. இரவில் நித்திரை வருவதில்லை என்பதையும், இரசாயனவியல் கொப்பியைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்பதையும் மட்டும், நீங்கள் விறாந்தையில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னாள். வியாழக்கிழமை தனியாக வந்து மிகுதியையும் சொன்னாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அவளிடம் பாடங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கடந்த ஒரு மாதத்தில், களைப்பாக இருந்தும் மனம் நிறைவாக இருந்த வேளைகள் எவையெனக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். நீண்ட நேரம் பேனையைக் கையில் வைத்திருந்துவிட்டு, அப்பம்மாவின் காலுக்கு மருந்து கட்டுவதைப் பற்றி எழுதினாள். நீரிழிவுப் புண்ணில் பழைய கட்டு ஒட்டியிருக்கும்போது இழுத்து எடுத்தால் புதுத் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், சேலைன் விட்டு ஊறவைத்து, அது தானாக இளகும்வரை அப்பம்மாவோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பாளாம். கிளினிக்கில் தாதி ஒருவர் செய்வதைப் பார்த்துத் தானாகவே பழகிக்கொண்டதாகச் சொன்னாள். இதை எழுதி முடிக்கும்வரை அவளுடைய முகத்தில் படபடப்பு இருக்கவில்லை.

நோயுற்ற ஒருவருக்குப் பக்கத்தில் பொறுமையோடு இருப்பது உங்கள் மகளின் விழுமியம், அதாவது வாழ்க்கையில் அவள் பெரிதாக மதிப்பது. மருத்துவபீட அனுமதி ஓர் இலக்கு. இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடியவைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உளவியலாளர்களான கெனன் செல்டனும் அன்ட்ரூ எலியட்டும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆர்வத்தோடும் விழுமியங்களோடும் பொருந்திய இலக்குகளை வைத்திருப்பவர்கள் அவற்றுக்காக நீடித்து உழைக்கிறார்கள் என்றும், அவற்றை அடையும்போது கிடைக்கும் மனநிறைவும் அவர்களுக்குக் கூடுதலாக இருக்கிறது என்றும் காட்டினார்கள். என் மேசைக்கு முன்னால் வந்திருந்த பிள்ளைகளிடமும் இதையே பார்த்திருக்கிறேன். ஒரே எட்டு மணித்தியாலப் படிப்பு ஒரு பிள்ளைக்கு வெறும் களைப்பாகவும் இன்னொரு பிள்ளைக்கு நோயாகவும் முடிவதற்குப் பாடத்தின் கடினம் மட்டும் காரணமாவதில்லை.

அம்மா, உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில், போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், ஒரு பையோடு தென்மராட்சிப் பக்கம் நடந்ததை அன்று நீங்கள் இடையில் சொன்னீர்கள். வீடும் நகையும் போனாலும் படித்த படிப்பை ஒருவராலும் பறிக்க முடியாது என்பது உங்கள் தலைமுறை அனுபவித்து அறிந்த உண்மை, அதை நான் ஒருபோதும் சிறிதாக மதிக்கமாட்டேன். பாதுகாப்பு என்பது உங்கள் விழுமியம். அதற்கு நீங்கள் கண்ட உருவமே ‘டொக்டர்’ என்ற சொல். அந்தப் பாதுகாப்பை வேறு உருவங்களிலும் காண முடியுமா என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் உங்கள் பயத்தையும் தன்னுடைய பயத்தையும் மகள் இப்போது ஒன்றாகச் சுமக்கிறாள். கோயில் வீதியில் ‘பிள்ளைக்கு என்ன பெறுபேறு?’ என்று கேட்பவர்களின் சுமை வேறு.

இன்னொரு விடயம், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லாரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. ஆகவே மகள் சென்ற தடவையைவிட நன்றாக எழுதினாலும், மற்றவர்களும் அதேயளவு நன்றாக எழுதியிருந்தால் அவளுடைய இசட் புள்ளி உயராமலே போகலாம். அதற்கு மேல், மருத்துவம் போன்ற பாடநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும் தெரிவாவதால், யாழ்ப்பாண மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி, எதுவென்பது பெறுபேறுகள் வந்த பின்னரே தெரியவரும். எத்தனை பேர் எப்படி எழுதுவார்கள் என்பதில் தங்கியிருக்கும் ஓர் எண்ணை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் அன்றாட இலக்காக வைத்தால், அவள் எந்த நாளிலும் ‘இன்றைக்கு என் வேலையைச் செய்துவிட்டேன்’ என்று கொப்பியை மூட முடியாது. நித்திரை கெடுவது அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் தரம் எழுதட்டும். ஆனால் மருத்துவபீடத்தை ஒரே வாசலாக வைத்து எழுத வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை எடுத்து, நோயாளருக்கு அருகில் நிற்கும் பாடநெறிகள் எவையென அவளையே குறிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியலும் மருந்தகவியலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) பேராதனைக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருக்கும். தாதியியல் என்றதும் அன்று உங்கள் முகம் சற்று மாறியதைக் கவனித்தேன். அப்பம்மாவின் கிளினிக்குக்கு அடுத்த முறை நீங்களும் கூடப் போய், அந்தப் புண்ணை ஆற்றுவதில் யாருடைய கை எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த ஆண்டுப் பெறுபேற்றுக்கும் விண்ணப்பம் அனுப்புங்கள். அனுமதி கிடைத்துப் பதிவு செய்வதற்கு முன்னர், பதிவு செய்தால் அடுத்த தடவைக்கு என்ன விதி பொருந்தும் என்பதைக் கைந்நூலில் வரி வரியாக வாசியுங்கள்; அயலவர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அன்றாட இலக்கு அவளுடைய கைக்குள் அடங்குவதாக இருக்கட்டும்: ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதுவது, பிழைத்த இரண்டு கணக்குகளைத் திரும்பச் செய்வது, இரவு பத்து மணிக்குப் படிப்பை நிறுத்துவது. ரியூட்டரி வகுப்புகளில் இரண்டை நிறுத்தலாம் என்று அவள் கேட்டாள். அது நியாயமான கேள்வியென்றே எனக்குப் படுகிறது. அப்பம்மாவுக்கு மருந்து கட்டும் அரை மணித்தியாலத்தை மட்டும், ‘படிக்கிற பிள்ளை’ என்று சொல்லி அவளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.

நித்திரையின்மையும் படபடப்பும் இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். அவசரமாக யாரோடாவது பேச வேண்டுமென்றால் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வாருங்கள். கைந்நூலில் அவள் குறித்த பக்கங்களை அவளே உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.