அந்தத் தலைசுற்றலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்து ஒரு வருஷம் ஆகிறது. லண்டன் போய் ஆஸ்டியோபதி, அதாவது எலும்பு, மூட்டு, தசைகளைக் கையாலேயே சரிசெய்யும் சிகிச்சை முறை, படிக்க ஆசை. அப்பா இரண்டு ஏக்கர் காட்டை அடகு வைக்க மறுக்கிறார். எனக்குக் கைத்திறமை உண்டு. இரண்டு நாள் பயிற்சியில் கழுத்தைச் சொடுக்கிவிடக் கற்று, ஆச்சிக்கே செய்துவிட்டேன். கொஞ்சம் தலைசுற்றல் என்றார், படுத்ததும் சரியாகிவிட்டது. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, அப்பாவை வழிக்குக் கொண்டுவரும் பேச்சு அப்புறம். ‘கொஞ்சம் தலைசுற்றல்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அது எப்படி உங்களால் முடிந்தது?

ஆச்சிக்கு வயது என்ன? எலும்பு மெலிந்திருக்கிறதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? கடிதத்தில் ஒன்றுமே இல்லை. கேட்காமலேதான் கை வைத்திருக்கிறீர்கள். கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்குத் தமனி ஏறுகிறது என்று முதல் வருஷ அனாட்டமியிலேயே படித்திருப்பீர்கள். வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழியலாம். அரிதுதான். ஆனால் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும், அதுவும் சில நாள் கழித்துக்கூட வரும். ‘சரியாகிவிட்டது’ என்று அவர் சொன்னதை எப்படி நம்பினீர்கள்? பேரன் கை பட்டுத்தான் முடியாமல் போச்சு என்று எந்த ஆச்சி வாய் விட்டுச் சொல்வார்? அவர் மறுக்க மாட்டார் என்று தெரிந்துதானே அவரிடம் பழகிப் பார்த்தீர்கள்? எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்ன செய்தீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள், ஆச்சியைச் சொல்ல விடாதீர்கள். தலைசுற்றல் திரும்ப வந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, முகம் மரத்தாலோ, இதுவரை இல்லாத தலைவலி, கழுத்துவலி வந்தாலோ நாளை வரை காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

லண்டன் விஷயம். அங்கே 1993 சட்டப்படி, பதிவு செய்யாமல் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். மருத்துவப் பின்னணி இல்லாமல் வருகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சொன்ன அளவு 4200 மணி நேரப் படிப்பு. அதில் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பி.பி.டி. படித்த உங்களுக்கு அது குறையலாம். இரண்டு நாளாக ஒருபோதும் குறையாது.

உங்கள் அப்பா செய்தது சரி. சம்பாதித்துக் காட்டாத பிள்ளைக்காகக் காட்டை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. பிசியோதெரபி பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் கண்டிப்பான மூத்தவர் ஒருவரிடம் சேருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கை அங்கேதான் படியும். வீட்டில் பழக வேண்டுமா? தலைமுடி ஒன்றை ஒரு தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடி விரலால் தேடுங்கள். கிடைத்ததும் இன்னொரு தாள், அதன்மேல் இன்னொன்று. அழுத்தினால் தெரியாது, விரல் லேசாக இருக்க வேண்டும். இரண்டு வருஷம் வேலை பார்த்துக் கொஞ்சம் பணமும் சேர்த்த பிறகு அப்பாவிடம் போய்க் கேளுங்கள்.

அதுவரை ராத்திரி ஆச்சிக்குக் காலைப் பிடித்துவிடுங்கள். கழுத்துப் பக்கம் போகவே கூடாது.