சர்வர் ரூம் கேள்வி பதில்: ரெண்டு டிஸ்க் இருந்தும் ஏன் பூட் ஆகல?

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஒரு பவர் சர்வர்ல ஐபிஎம்மோட யூனிக்ஸ் ஓஎஸ் ஏஐஎக்ஸ் 7.2 ஓடுது. ஓஎஸ் இருக்கற டிஸ்க் குரூப்பான ரூட்விஜிய (விஜின்னா வால்யூம் குரூப்) ரெண்டு லோக்கல் டிஸ்க்லயும் ஒரே காப்பியா மிரர் பண்ணி வச்சிருந்தோம், எல்லா எல்வியும் (லாஜிக்கல் வால்யூம், பார்டிஷன் மாதிரி) சிங்க்னுதான் காட்டிச்சு. அதுல ஒரு டிஸ்க், எச்டிஸ்க்0, செத்துப்போச்சு, அப்பவும் சர்வர் ஓடிச்சு, யூசர்ஸுக்கு எதுவும் தெரியல. ஆனா பவர் மெயின்டனன்ஸுக்காக ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எழுந்திரிக்கவே இல்ல. மிரர் பண்ணது வேஸ்ட்டா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேஸ்ட் இல்லங்க. மிரர் அதோட வேலைய ஒழுங்கா பாத்துச்சு, அதனாலதான் டிஸ்க் போனப்புறமும் ஓடிச்சு. பூட் ஆகறது வேற கதை. மெஷின் ஆன் ஆகும்போது ஃபர்ம்வேருக்கு எல்விஎம்மும் (எல்விகள நிர்வகிக்கற ஏஐஎக்ஸ் பகுதி) தெரியாது மிரரும் தெரியாது, எதுலேர்ந்து பூட் ஆகணும்னு சொல்ற பூட்லிஸ்ட்ல எந்த டிஸ்க் பேரு இருக்கோ அதுல போய் ஆரம்பத்துலயே பூட் ரெக்கார்டு இருக்கான்னு பாக்கும், இருந்தா அது காட்டற இடத்துலேர்ந்து எச்டி5ங்கற பூட் எல்வில இருக்கற பூட் இமேஜ எடுக்கும், அவ்ளோதான். மிரர்விஜி கமாண்ட் எச்டி5ஐயும் சேத்து காப்பி பண்ணிடும், ஆனா அந்த பூட் ரெக்கார்ட எழுதறது பாஸ்பூட்ங்கற வேற கமாண்ட். பூட்லிஸ்ட்டயும் மிரர்விஜி தொடாது. ஸ்டெப்னி வாங்கி டிக்கில போட்டாச்சு, காத்து இருக்கான்னு யாரும் பாக்கல.

இதுல கடுப்பு என்னன்னா மிரர்விஜி முடியும்போது அதுவே ஸ்க்ரீன்ல சொல்லும், பாஸ்பூட் பண்ணு, பூட்லிஸ்ட்ல ரெண்டு டிஸ்க்கயும் சேருன்னு. ஆனா அது சிங்க் ஆகி முடிக்கிறதுக்குள்ள நம்மாளு டீ குடிக்க போயிருப்பாரு, திரும்பி வந்து ப்ராம்ப்ட் வந்துருச்சான்னு மட்டும் பாத்துட்டு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடுவாரு.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, இன்ஸ்டால் மீடியாலயோ நிம் சர்வர்லேர்ந்தோ (நெட்வொர்க் வழியா இன்ஸ்டால் பண்ற சர்வர்) மெயின்டனன்ஸ் மோடுக்கு பூட் பண்ணுங்க, ரூட்விஜிய ஆக்சஸ் பண்ணுங்க, எச்டிஸ்க்1க்கு பாஸ்பூட் போட்டு பூட்லிஸ்ட்ல அத வச்சு ரீபூட் பண்ணுங்க. எழுந்துரும். அப்புறம் செத்த டிஸ்க்க வெளிய எடுக்கணும்: அன்மிரர்விஜி (மிரர எடுக்க), ரெட்யூஸ்விஜி (டிஸ்க்க குரூப்லேர்ந்து நீக்க), ஆர்எம்டெவ் (சிஸ்டத்துலேர்ந்து நீக்க), புது டிஸ்க் போட்டு சிஎஃப்ஜிஎம்ஜிஆர் (அத கண்டுபிடிக்க), எக்ஸ்டெண்ட்விஜி (குரூப்ல சேக்க), மிரர்விஜி, மறுபடி பாஸ்பூட், மறுபடி பூட்லிஸ்ட். ரெட்யூஸ்விஜி அடம் புடிச்சா பெரும்பாலும் எல்ஜி_டம்ப்எல்விதான் காரணம், க்ராஷ் ஆனா மெமரிய எழுதி வைக்கற அந்த டம்ப் எல்வி சாதாரணமா ஒரு காப்பிலதான் இருக்கும், அது செத்த டிஸ்க்ல மாட்டியிருந்தா முதல்ல சிஸ்டம்ப்டெவ்ல டம்ப் டிவைஸ சிஸ்டம்ப்நல் (sysdumpnull) டம்மி டிவைஸுக்கு மாத்திட்டு அப்புறம் அந்த எல்விய அழிங்க.

எல்எஸ்விஜில பாக்கும்போது பிபி (டிஸ்க்ல நிஜமா எடுத்துக்கிட்ட துண்டு) எண்ணிக்கை எல்பிய (எல்வியோட துண்டு) மாதிரி ரெண்டு மடங்கா இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல டிஸ்க் எண்ணிக்கைய காட்டற பிவி கட்டத்துலயும் 2 இருக்கணும். எச்டி5 மட்டும் க்ளோஸ்டுன்னு காட்டும், அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க. இதெல்லாம் பாத்தாலும் எனக்கு திருப்தி வராது. ஒரு மெயின்டனன்ஸ் விண்டோல பூட்லிஸ்ட்ல எச்டிஸ்க்1 மட்டும் வச்சு ஒரு தடவ ரீபூட் பண்ணி, பூட்இன்ஃபோ -பி (bootinfo -b) குடுத்தா எச்டிஸ்க்1னு வரணும். அது வந்தாத்தான் மிரர் முடிஞ்சுதுன்னு நான் ஒத்துப்பேன். பாத்துட்டு பூட்லிஸ்ட்ல மறுபடி ரெண்டு டிஸ்க்கயும் போட மறக்காதீங்க.

கேள்வி: ரெண்டு டிஸ்க் மிரர்ல கோரம் (quorum)ங்கற செட்டிங்க ஆஃப் பண்ணனும்னு சீனியர் சொல்றாரு, ஏன்னு கேட்டா அப்படித்தான்னு சொல்றாரு.
வாசகி, சென்னை

பதில்: உங்க சீனியர் சொல்றது சரி, காரணத்த நான் சொல்றேன். விஜியோட ஜாதகம் மாதிரி விஜிடிஏன்னு ஒண்ணு ஒவ்வொரு டிஸ்க்லயும் எழுதியிருக்கும். கோரம் ஆன்ல இருந்தா அதுல பாதிக்கு மேல எப்பவும் கைல இருக்கணும். ரெண்டு டிஸ்க் விஜில ஒண்ணுல 2 காப்பி, இன்னொண்ணுல 1 காப்பி, மொத்தம் 3. 1 காப்பி டிஸ்க் போனா மிச்சம் 2, தப்பிச்சோம். 2 காப்பி வச்சிருக்கற டிஸ்க் போச்சுன்னா மிச்சம் 1, கோரம் இல்ல, டேட்டா முழுசா இன்னொரு டிஸ்க்ல இருந்தும் விஜி மூடிடும், அது ரூட்விஜியா இருந்தா சர்வரே காலி. அதனாலதான் மிரர்விஜி டீஃபால்ட்டா கோரம ஆஃப் பண்ணிடுது. நீங்க எம்கேஎல்விகாப்பி குடுத்து ஒவ்வொரு எல்வியா கையால மிரர் பண்ணியிருந்தா ஆஃப் ஆகியிருக்காது, சிஎச்விஜில நீங்கதான் பண்ணனும்.

கேள்வி: எங்களுக்கு லோக்கல் டிஸ்க் கிடையாது, எச்டிஸ்க்0 முதல் விஐஓஎஸ்லேர்ந்தும் (டிஸ்க்க பகிர்ந்து குடுக்கற விர்ச்சுவல் ஐஓ சர்வர்) எச்டிஸ்க்1 ரெண்டாவது விஐஓஎஸ்லேர்ந்தும் விஸ்கஸில (விர்ச்சுவல் டிஸ்க் கனெக்ஷன்) வருது, ரூட்விஜி ரெண்டுக்கும் நடுவுல மிரர். விஐஓஎஸ் பேட்ச் பண்ணும்போது எத கவனிக்கணும்?
வாசகர், பெங்களூரு

பதில்: ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த கேப்பத்தான். முதல் விஐஓஎஸ் ரீபூட் ஆகும்போது எச்டிஸ்க்0 மிஸ்ஸிங்னு போயிடும், அதுக்குள்ள எழுதினதெல்லாம் எச்டிஸ்க்1ல மட்டும் இருக்கும், எச்டிஸ்க்0 காப்பி ஸ்டேல், அதாவது பழசு. விஐஓஎஸ் திரும்பி வந்ததும் டிஸ்க் தானா சேந்துக்கும்னு நெனச்சு ரெண்டாவத ரீபூட் பண்ணீங்கன்னா அந்த ரெண்டு விஐஓஎஸயும் நம்பியிருக்கற எல்பார் (ஒரே மெஷின பிரிச்சு ஓடற தனி சர்வர்) அத்தனையும் ஒண்ணா உக்காந்துரும். ஒவ்வொரு எல்பார்லயும் போய் வேரிஆன்விஜி ரூட்விஜி குடுங்க, டிஸ்க் ஆக்டிவ் ஆகி சிங்க் ஆக ஆரம்பிக்கும், எல்எஸ்விஜி ரூட்விஜில ஸ்டேல் பிபி 0ன்னு வந்தப்புறம்தான் அடுத்த விஐஓஎஸ் மேல கை வைக்கணும். 40 எல்பார் இருந்தா 40லயும் பாக்கணும், ஸ்க்ரிப்ட் எழுதிக்கோங்க.

கேள்வி: மிரர் இருக்கே, எம்கேசிஸ்பின்னு சிஸ்டம் பேக்கப் எதுக்கு?
வாசகர், மதுரை

பதில்: யாராவது தப்பா /usr டைரக்டரிய அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடி அழியும், அதுக்கு. எம்கேசிஸ்பி எடுத்து வேற மெஷின்ல வைங்க. ஏஐஎக்ஸ் பேட்ச் போடறதுக்கு முன்னாடி மிரர ஒடச்சு, எச்டிஸ்க்1ல ஓடற சிஸ்டத்த அப்படியே காப்பி பண்ற ஆல்ட்_டிஸ்க்_காப்பி போட்டு வச்சுக்கறது நல்ல பழக்கம், பேட்ச் சொதப்பினா அந்த டிஸ்க்லேர்ந்து பூட் பண்ணா பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். காப்பி பண்ணும்போது பெரிய பி (-B) ஆப்ஷன் குடுங்க, இல்லன்னா பூட்லிஸ்ட் தானா அந்த டிஸ்க்குக்கு மாறிடும், அடுத்த ரீபூட்ல பேட்ச் போட்டது எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.