சோர்ந்த சிப்பாய்களும் இரண்டாம் வரிசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்கும் ஒரு படையை நாமே நடத்தும் எக்ஸ்காம் 2 விளையாட்டை அதன் 'வார் ஆஃப் த சோஸன்' விரிவாக்கத்தோடு இப்போது மூன்றாம் தடவையாக ஆடுகிறேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் சறுக்கினேன். என் முதல் ஆறு சிப்பாய்கள் கேப்டன், மேஜர் என்று வேகமாக உயர்ந்துவிடுகிறார்கள். ஒரு பணியிலும் தோற்பதில்லை. பிறகு ஒரு நாள் பார்த்தால் ஆறு பேரில் ஐந்து பேர் சோர்ந்திருக்கிறார்கள். அடுத்த பணியோ காத்திருக்காது. சோர்ந்தவர்களையே அனுப்பினால் களத்தில் பீதியடைந்து சிதறுகிறார்கள். ரூக்கிகளை, அதாவது அனுபவமில்லாத புதியவர்களை, அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. நன்றாக ஆடியதற்கே தண்டனை கிடைப்பதுபோல் இருக்கிறது. சோர்வை அறவே நீக்கிவிடும் மோட் (விளையாட்டின் விதிகளை மாற்றும் கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா, இல்லை கோளாறு என் ஆட்டத்தில்தான் இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் விவரித்திருக்கும் அந்த நாளை நானும் அறிவேன். ஐந்து பேர் சோர்ந்திருப்பதைக் கண்டு திகைக்கும் அந்த நாளில் செய்வதற்கு அனேகமாக ஒன்றுமே மிச்சமிருக்காது என்பதுதான் நான் முதலில் சொல்லவேண்டியது. அந்தத் தோல்வி அதற்கு நான்கைந்து பணிகளுக்கு முன்பே, எதிரி பலவீனமாக இருந்த மாதங்களில், அதே ஆறு பேரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தபோதே தொடங்கிவிட்டது. ஆகவே சோர்ந்துபோனவர்களை என்ன செய்வது என்பதைவிட, சோராதவர்கள் ஏன் கைவசம் இல்லை என்பதையே நாம் பேசவேண்டும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பார்த்தால் உங்கள் மனத்தாங்கல் கொஞ்சம் தணியலாம். 2012இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' விளையாட்டில் காயம்பட்டவர் மட்டுமே படுக்கையில் கிடப்பார். காயமில்லாமல் திரும்பியவரை மறுநாளே அனுப்பலாம். அதனால் திறமையாக ஆடுபவருக்கு ஆறு பேரே போதுமானதாக இருந்தது, ஏழாமவரின் பெயர்கூட நினைவில் நிற்காது. அந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய 'லாங் வார்' என்ற மோட், பணிக்குப் போய்வந்தவர் சில நாட்கள் ஓய்வெடுத்தாக வேண்டும் என்று வைத்தபிறகுதான் பாசறை முழுவதும் உயிர்பெற்றது. 2017இல் வந்த 'வார் ஆஃப் த சோஸன்' வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துசேர்கிறது. அதில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் மனவுறுதி என்ற அளவு இருக்கிறது. களத்தில் அது குறையும், பாசறையில் நாட்கள் செல்லச்செல்ல மெல்லத் திரும்பும், ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அவர் சோர்ந்தவர். சோர்ந்தவரைக் களமிறக்கத் தடையில்லை. ஆனால் அவர் எளிதில் பீதியடைவார். குறிப்பிட்ட வகை எதிரியைக் கண்டாலே அஞ்சுவது, குண்டுகள் மிச்சமிருக்கும்போதே துப்பாக்கியை மறுபடி நிரப்புவது போன்ற தீய குணங்கள் அவரிடம் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் போக்க அவரை மருத்துவப் பிரிவில் பல நாட்கள் வைத்திருக்க நேரும்.

இதைத் தண்டனை என்கிறீர்கள். எனக்கு இது விளையாட்டு நமக்குக் கொடுக்கும் கடனாகவே தோன்றுகிறது. இன்றைய வெற்றியை நாளைய நாட்களைக் கொடுத்து வாங்குகிறோம், வாங்கும்போது விலையைப் பார்ப்பதில்லை.

விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பணிகள் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை வருகின்றன, ஒருவரின் சோர்வு தீரப் பத்து நாட்கள் ஆகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் நாள் போன ஆறு பேர் அடுத்த பணிக்குத் தயாராக இருக்கமாட்டார்கள், அதற்கடுத்த பணிக்குத்தான் தேறுவார்கள். ஆகவே யாருக்குமே காயம் படாவிட்டால்கூட பன்னிரண்டு பேர் வேண்டும். காயம் படாமல் எந்த மாதமும் கழிவதில்லை என்பதால் மேலும் நான்கைந்து பேர். பதினாறு, பதினேழு பேர் என்பது இந்த விளையாட்டில் ஆடம்பரமே இல்லை, பிழைத்திருப்பதற்கான கணக்கு. உங்களிடம் இருந்ததோ ஆறு சிப்பாய்களும் ஒரு கூட்டம் ரூக்கிகளும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, முதல் அணி, இரண்டாம் அணி என்று இரண்டு தனிக் குழுக்களாகப் பிரித்துவிடுவது. நானும் ஓர் ஆட்டம் முழுக்க அப்படித்தான் ஆடினேன். கடினமான பணி எந்த அணியின் முறையில் வரும் என்பது நம் கையில் இல்லை; அது இரண்டாம் அணியின் முறையில் வந்து நின்ற அன்று அவர்களில் நான்கு பேரை இழந்தேன். அதன்பின் நான் கடைப்பிடிப்பது கலந்து அனுப்பும் முறை. தொடக்கத்தில் அணியில் நான்கே இடங்கள்தான். பாசறையில் கட்டும் கெரில்லா உத்திப் பள்ளியில் மேம்பாடு வாங்கினால்தான் அது ஐந்தாகவும் ஆறாகவும் விரியும். ஐந்தாம் இடம் கிடைத்தவுடன் அதைச் சிறந்த ஐந்தாமவருக்குக் கொடுக்கவே கை துறுதுறுக்கும். கொடுக்காதீர்கள். அந்த இடம் எப்போதும் கற்றுக்கொள்பவருக்கு உரியது என்று மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; ஆறாம் இடமும் அப்படியே. நான்கு தேர்ந்தவர்கள் களத்தைப் பிடித்து நிற்க, இரண்டு இளையவர்கள் ஏற்கெனவே அடிபட்ட எதிரியை வீழ்த்தி அனுபவம் பெறட்டும். ஒரு மேஜர் இன்னொரு எதிரியைக் கொல்வதால் உங்களுக்குக் கிடைப்பது சொற்பம், அதையே ஒரு கார்ப்பரல் கொன்றால் ஒரு வருங்கால சார்ஜென்ட் கிடைக்கிறார். ரூக்கிகளை நேரடியாகக் களத்தில் தள்ளவும் வேண்டியதில்லை. அதே பள்ளியில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பயிற்சிக்கு அமர்த்திக்கொண்டே இருந்தால், குண்டு படாமலே ஸ்குவாடி என்ற அடுத்த பதவிக்கு உயர்ந்து வெளியே வருவார்கள், அதுவும் ரேஞ்சர், குறிசுடுநர் என்று நீங்கள் கேட்ட பிரிவில்.

சோர்வு பாசறையில் தெரிகிறது, ஆனால் விளைவது களத்தில். இதை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். புதிய எதிரிக் கூட்டத்தைக் காண்பது, அடிபடுவது, உடனிருப்பவர் அடிபடுவதையோ சாவதையோ பார்ப்பது என ஒவ்வொன்றும் மனவுறுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஆகவே ஒரு முறையின் கடைசி நகர்வில், எல்லோரும் செயல்பட்டு முடித்தபின், ஒருவரை ஓரடி முன்னால் வைத்து, அதுவரை நம்மைக் கவனிக்காதிருந்த புதிய கூட்டத்தை எழுப்பிவிடுவது இரட்டை நட்டம்: அந்த முறையில் சுட ஆளில்லை, அடுத்த முறையில் அடிபடுவது உறுதி. அதே கூட்டத்தை உங்கள் முறையின் முதல் நகர்வில் கண்டு, அவர்கள் கை உயர்த்துமுன் முடித்தால் காயமும் இல்லை, மனவுறுதியும் பெரும்பாலும் மிஞ்சும். ஒருவருக்கும் காயமில்லாமல் முடிந்த பணிக்குப் பிறகும் பாதி அணி சோர்ந்திருந்தால், எத்தனை கூட்டங்களை எந்த வேளையில் எழுப்பினோம் என்று திரும்பிப் பார்ப்பது என் வழக்கம்.

ஒரு நிகழ்ச்சி. எதிர்ப்புப் படையினரின் குடியிருப்பு ஒன்று தாக்கப்பட்டபோது, சோர்ந்திருந்த என் குறிசுடுநரை வேறு வழியில்லை என்று அழைத்துச் சென்றேன். கூரைமேல் நல்ல மறைவில் இருந்தாள். முதல் கூட்டத்தை அவளே பாதி அழித்தாள். தெருவின் மறுமுனையில் இரண்டாவது கூட்டம் தெரிந்தது, அவளுடைய மனவுறுதிப் பட்டை ஒரு துண்டு சுருங்கியது. கீழே நின்ற ரேஞ்சர் அடிபட்டார், இன்னொரு துண்டு. அப்போதே அவளைப் பின்னால் எடுத்திருக்க வேண்டும். அடுத்த முறையும் அவளை நம்பி இரண்டு பேரை வெட்டவெளியில் நகர்த்தினேன். எதிரியின் முறையில் அவள் பீதியடைந்து மறைவை விட்டு ஓடினாள். எந்தப் பாதுகாப்பை நம்பி அந்த இரண்டு பேரும் முன்னேறினார்களோ அது இல்லாமல் போனது. இருவரும் மடிந்தார்கள். அவள் பிழைத்துத் திரும்பினாள், ஒரு தீய குணத்தோடு.

அன்றிலிருந்து சோர்ந்தவரை அழைத்துச் செல்ல நேர்ந்தால் இரண்டு வரம்புகளை வைத்துக்கொள்கிறேன். ஓர் அணியில் ஒருவருக்கு மேல் கூடாது. அவர் பீதியடைந்தாலும் மற்றவர் சாகாத வேலையை மட்டுமே அவருக்குக் கொடுப்பது. அதாவது, வேறொருவரின் உயிர் அவருடைய அடுத்த நகர்வைச் சார்ந்திருக்கக் கூடாது.

சேர்ந்து பணிக்குப் போய்ப் பழகிப் பிணைப்பு பெற்ற இணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் தன் இணைக்குக் கூடுதல் செயல் ஒன்றை வழங்க முடியும் என்பதால் அவர்களை எப்போதும் சேர்த்தே அனுப்பத் தோன்றும். சேர்ந்தே போனால் சேர்ந்தே சோர்வார்கள். உங்கள் மிகச் சிறந்த இருவரை ஒரு இணையாக்காமல், ஒரு மூத்தவரையும் ஓர் இளையவரையும் இணைப்பது எனக்குப் பயன் தந்திருக்கிறது. ஒருவர் படுத்தாலும் மேல்வரிசை முழுதும் படுப்பதில்லை.

மற்ற விளையாட்டுகளும் இந்தக் கேள்விக்குத் தம் வழியில் விடை சொல்லியிருக்கின்றன. 1999இல் வந்த 'ஃபயர் எம்ப்ளம்: த்ராகியா 776' ஆட்டத்தில் சண்டையிடச் சண்டையிடச் சோர்வெண் ஏறும், அது ஒருவரின் உயிர்ப்புள்ளியின் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் அவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். நாயகன் லீஃபுக்கு மட்டும் விலக்கு. அங்கே பேரத்துக்கு இடம் குறைவு, சோர்ந்தவரைச் சோர்வோடு அனுப்ப முடியாது. 'பேட்டில் பிரதர்ஸ்' சோர்வைச் சண்டைக்குள்ளேயே வைக்கிறது: ஒவ்வொரு வீச்சும் களைப்பைக் கூட்டும், ஒவ்வொரு முறையும் வழக்கமாகப் 15 புள்ளி தணியும், கனத்த கவசம் அணிந்தவனுக்குத் தாங்கும் அளவே குறைந்துவிடும். எக்ஸ்காம் உங்களிடம் முடிவை விட்டுவைக்கிறது. சோர்ந்தவரை அனுப்பலாம், விளைவை ஏற்கலாம். மூன்றிலும் கடினமான வடிவம் இதுதான் என்பேன், எனக்குப் பிடித்ததும் இதுவே.

உண்மையான போர்களும் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானக் குழுவினர் 25 பறப்புகளை முடித்தால் விடுவிக்கப்பட்டார்கள். 1944இல் அந்த எண் 30 ஆகி, பிறகு 35 ஆனது. கைதேர்ந்த குழுவை வீட்டுக்கு அனுப்புவது படைத்தலைமைக்கு இழப்புத்தான். ஆனாலும் முடிவு தெரியாத ஒருவனால் எல்லையில்லாமல் தாங்க முடியாது என்பது தெரிந்திருந்ததால் ஓர் எண்ணை வைத்தார்கள். நாமும் ஓர் எண் வைத்துக்கொள்ளலாம்: எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், தொடர்ந்து இரண்டு பணிகளுக்குப் பின் மூன்றாவதில் அவர் இல்லை. சோர்வுக் குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

மோட் பற்றிக் கேட்டீர்கள். போட்டுக்கொள்வதில் தவறென்று ஏதுமில்லை, உங்கள் ஓய்வுநேரம் உங்களுடையது. ஆனால் சோர்வை எடுத்துவிட்டால் மீண்டும் அந்த ஆறு பேரின் விளையாட்டாகிவிடும்; மற்றவர்களுக்கு நீங்கள் பெயர் சூட்டுவதுகூட நின்றுபோகும். இப்போதைய ஆட்டத்தைக் கைவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எளிதென்று குறிக்கப்பட்ட அடுத்த பணிக்கு, சோராதிருக்கும் அந்த ஒரு மூத்தவரோடு மூன்று ரூக்கிகளை மட்டும் அனுப்புங்கள். நாம் களத்தில் ஆடாமல் சிப்பாய்களை மட்டும் அனுப்பிவைக்கும் மறைமுக நடவடிக்கைகள் கிடைத்தால் அவற்றுக்கும் இளையவர்களையே அனுப்புங்கள், பதவி உயர்வு அங்கும் கிடைக்கும். மற்ற ஐந்து பேரும் தேறி எழும்போது அவர்களோடு நிற்க நான்கைந்து ஸ்குவாடிகளாவது இருப்பார்கள். இரண்டு மாதம் அப்படி ஆடிவிட்டு எப்படிப் போனது என்று எழுதுங்கள். அந்த மூன்று ரூக்கிகளில் யார் மிஞ்சினார், எந்தப் பிரிவுக்குப் போனார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்