எண் வடிவ பலூன் சட்டம்: கேள்வி பதில்

ஃபோம் போர்டில் (இருபுறமும் தாள் ஒட்டிய நுரைப் பலகை) பின்பலகையும் பக்கச் சுவரும் கொண்ட எண் வடிவச் சட்டகம் செய்து, அதைப் பலூன்களால் நிரப்பும் அலங்காரம் இது.

கேள்வி: நான்கு அடி உயர எண்ணுக்குக் கோட்டின் அகலத்தை எப்படி முடிவு செய்வது?

பதில்: பலரும் உயரத்தைத் தீர்மானித்துவிட்டு அகலத்தைக் கண் மதிப்பில் வைக்கிறார்கள். அகலத்தைச் சொல்ல வேண்டியது பலூன்தான். 5 அங்குல பலூனை முழுமையாக ஊதினால் ஏறத்தாழ 12 செ.மீ. விட்டம் வரும், இரண்டு பலூன்கள் நெருக்கமாக அடுத்தடுத்து உட்கார வேண்டுமானால் எண்ணின் உடல் 22 முதல் 24 செ.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அதைவிடக் குறுகினால் ஒற்றை வரிசைதான் நிற்கும், ஓரமும் மேடுபள்ளமாகத் தெரியும். 8 என்ற எண்ணில் இதைச் சரிபார்க்கலாம்: 120 செ.மீ. உயரத்தில் மூன்று கிடைப்பகுதிகள் 72 செ.மீ. எடுத்துக்கொள்ள, மீதி 48 செ.மீ. இரண்டு துளைகளுக்கும் தலா 24 செ.மீ.யாகப் பிரியும். பலூன்கள் விளிம்பைத் தாண்டிப் புடைத்துத் துளையை இன்னும் சுருக்கும் என்பதால், 15 செ.மீ.க்குக் கீழான துளை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மூடியதாகவே தோன்றும். தடித்த எழுத்துருவில் எண்ணைப் பெரிதாக்கி, ஏ4 தாள்களில் பகுதி பகுதியாக அச்சிட்டு ஒட்டிக்கொண்டால் வரைபடம் தயார்.

கேள்வி: 3, 6 போன்ற எண்களின் வளைவில் ஃபோம் போர்டு மடங்கி உடைந்துவிடுகிறதே?

பதில்: பக்கச் சுவருக்கு 5 மி.மீ. தடிமனுள்ள போர்டில் 10 செ.மீ. அகலப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். பட்டையின் குறுக்கே 2 செ.மீ. இடைவெளியில், மேல் தாளும் நுரையும் மட்டும் அறுபடும்படி, அடித்தாளைத் தொடாமல் கீற வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் நுரை பிய்ந்துவிடும் என்பதால் புதிய பிளேடு போடுவது நல்லது. கீறிய பக்கம் வளைவின் வெளிப்புறமாக இருக்கும்படி வளைத்தால் வெட்டுகள் விசிறிபோல் விரிந்து பட்டை சீராக வளையும். ஒரு சாண் நீளத்துக்குப் பசை வைத்து, அது இறுகும்வரை பிடித்திருந்து, அதன் பிறகே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். மிகச் சூடான பசை நுரையை உருக்கும். குறைந்த வெப்பத்தில் இயங்கும் க்ளூ கன்னே ஏற்றது.

கேள்வி: பசை பட்டவுடன் பலூன்கள் வெடிக்கின்றன. வேறு வழி உண்டா?

பதில்: பலூனின் உடலில் பசையே வைக்க வேண்டாம். இரண்டிரண்டாகக் கழுத்தைக் கட்டி, இரு ஜோடிகளை முறுக்கி நான்காக்குங்கள். பின்பலகையில் சிறு பெருக்கல் குறியாகக் கீறி, முடிச்சை அதில் நுழைத்துப் பின்புறம் டேப் ஒட்டினால் போதும். வெடித்த பலூனை மாற்றுவதும் இதில் எளிது. இடைவெளிகளை வெவ்வேறு அளவில் ஊதிய சிறு பலூன்களால் நிரப்பலாம்.

கேள்வி: ஹீலியம் தேவையா?

பதில்: தேவையில்லை. எடையைச் சட்டம் தாங்குகிறது. சாதாரணக் காற்றே போதும், ஹீலியத்தைவிட மெதுவாகத்தான் அது கசியும்.

கேள்வி: 7 முன்னால் சாய்கிறது, 1 நிற்கவே மறுக்கிறது. வெளியில் வைத்தால் என்ன செய்வது?

பதில்: 7இன் எடை மேற்பகுதியில் குவிய, அதன் அடியோ குறுகலாக இருக்கிறது. எண்ணைவிட அகலமான ஒட்டுப்பலகை அடித்தளத்தைப் பின்புறமாக நீட்டி, அங்கிருந்து முதுகுக்கு ஒரு சாய்வுத் தாங்கு கொடுத்து, நீட்டிய பகுதியில் மணல் பை வையுங்கள். இரண்டு இலக்க எண்ணானால் பின்னால் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்துவிட்டால் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். வெளியில் காற்று முழுப் பரப்பையும் தள்ளும். ஃபோம் போர்டை மட்டும் நம்பாமல் பிவிசி குழாயையோ மரச் சட்டத்தையோ முதுகெலும்பாகக் கொடுப்பது அவசியம். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிவதால் பலூன்களைச் சற்றுக் குறைவாகவே ஊத வேண்டும். பலூன் ரப்பரான லேடெக்ஸின் பளபளப்பும் வெயிலில் சீக்கிரம் மங்கும் என்பதால், கூடுமானவரை நிழலான இடத்தையே தேர்ந்தெடுங்கள்.