உயர்மட்ட மெட்ரோ நிலையத்தில் நடைமேடை நடுவில் இருப்பது நல்லதா, இரு ஓரங்களிலா?

என் ஓட்டு நடுவில் இருக்கும் ஒரே நடைமேடைக்குத்தான். ஆனால் கட்டுகிறவர்கள் பல இடங்களில் ஓர நடைமேடையைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

இரண்டு தண்டவாளங்களும் அருகருகே போனால், சாலை நடுவில் ஒரே வரிசைத் தூண்கள் போதும். ஓர நடைமேடை வைத்தால் அந்தப் பாலம் நிலையத்துக்குள்ளும் நேராகவே ஓடிவிடும். நடு நடைமேடைக்கு அப்படி முடியாது. நிலையம் வருவதற்கு வெகுமுன்பே தண்டவாளங்கள் மெல்ல வளைந்து விலக வேண்டும், தாண்டியதும் மறுபடி சேர வேண்டும். அந்த நீளம் முழுக்கப் பாலம் அகலமாகும், செலவு ஏறும், கீழே சாலைக்கு வெளிச்சமும் குறையும். பிற்காலத்தில் கூட்டம் பெருகினால் ஓர நடைமேடையை வெளிப்பக்கம் அகலப்படுத்தவாவது வழி உண்டு. நடுவில் இருப்பதோ இரு தண்டவாளங்களுக்கிடையே அடைபட்டது.

சரி, அப்புறம் ஏன் நடு நடைமேடை? ஏறி இறங்குகிறவர்களுக்காக. உயர்மட்ட நிலையத்தில் பெரும்பாலும் சாலைக்கு மேல் டிக்கெட் தளம், அதற்கும் மேல்தான் நடைமேடை. மூட்டுவலியுள்ள என் அம்மாவுடன் போகும்போது நான் முதலில் தேடுவது லிஃப்டைத்தான். ஓர நடைமேடை என்றால் லிஃப்ட், நகரும் படி எல்லாமே இரண்டிரண்டு வேண்டும். பணம் போதாத இடத்தில் முதலில் வெட்டப்படுவது கீழே இறங்கும் நகரும் படிதான். முழங்காலுக்கு இறங்குவதுதான் அதிக வேதனை என்பது அங்கே யாருக்கும் நினைவிருப்பதில்லை. நடு நடைமேடையில் ஒரே தொகுப்பு இரு திசைக்கும் உதவும். காலையில் ஒரு திசை, மாலையில் எதிர்த்திசை என்று நெரிசல் மாறினாலும் அதே இடம் இருவேளையும் பயன்படும்.

சிங்கப்பூரின் பழைய உயர்மட்ட நிலையங்களில் பெரும்பாலும் நடு நடைமேடைதான். 1999-இல் ஓடத் தொடங்கிய பாங்காக் ஸ்கைட்ரெயினில் பெரும்பாலும் ஓர நடைமேடை. ஆனால் அங்கேயும் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் சியாம் நிலையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நடு நடைமேடைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு ரயிலிலிருந்து இறங்கி, எதிரே நிற்கும் மற்ற வழித்தட ரயிலில் படியேறாமலே ஏறிவிடலாம். உயர்மட்ட நிலைய வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு அது.

சாலை குறுகலாக இருந்தால் ஓர நடைமேடையே வைக்கட்டும். ஆனால் இரு பக்கமும் லிஃப்டும், ஏறவும் இறங்கவும் நகரும் படியும் கட்டாயம் வேண்டும். எந்தத் திசைக்கு எந்தப் பக்கம் என்ற பலகை டிக்கெட் தளத்திலேயே, படிக்கு முன்னால் பெரிதாக இருக்க வேண்டும்.