பதினோரு பேர் வேலை பார்க்கும் கடைக்கு இ.எஸ்.ஐ. வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்ததில் ஆட்கள் பதினொன்றாகிவிட்டார்கள். "பிடித்தம் வேண்டாம் அண்ணா, முழுச் சம்பளமும் கையில் கொடுத்துடுங்க" என்கிறார்கள். எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. பத்துப் பேரைத் தொட்டாலே கடைக்கு இ.எஸ்.ஐ., அதாவது ஊழியர்களுக்கான அரசுக் காப்பீடு, வந்துவிடும், வேண்டாம் என்று ஊழியர் எழுதிக் கொடுக்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75 சதவீதம். 14,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு 455, அவருடையது வெறும் 105 ரூபாய். இந்த நூற்றைந்துக்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் சரி என்பார்கள். இப்போது பிடிக்காமல் விட்டு, பிற்பாடு அதிகாரி வந்து கேட்கும்போது, பழைய பாக்கியை அவர்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது, இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயமாவது இருபது பேரிலிருந்து, அதனால் இப்போதைக்கு விடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போட்டிருக்கிறீர்களா? 2021-இல் தமிழ்நாட்டில் அதையும் சட்டமாக்கிவிட்டார்கள்.